தண்ணிக்கும் ஒரு கணக்கு வேணும்



"மலையில ஊறி வர்ற தண்ணிக்கு நாம ஏன் காசு குடுக்கணும்?" தோட்டத்தில் குடிநீர்க் கூட்டம் போட்டால் முதலில் எழும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. தண்ணியை மலை தருகிறது. ஆனால் அதை வாசலுக்குக் கொண்டுவரும் டேங்க், பைப், குளோரின், பைப் பார்ப்பவரின் கூலி ஆகியவற்றை மலை தருவதில்லை.

முன்பு ஒரு லயத்துக்கு ஒரு பீலி இருந்தது. அதன் செலவை நிர்வாகம் பார்த்தது. இன்று பிள்ளைகள் கல்யாணம் முடித்துத் தனிக் குடித்தனம் போகிறார்கள். பல தோட்டங்களில் 7 பேர்ச் காணியில் தனி வீடுகள் எழுந்துள்ளன. வீட்டுக்கு வீடு பைப்பும் கழிவறையும் வேண்டும். வீடு பெருகுகிறது, ஊற்று பெருகுவதில்லை.

மூன்று வகைச் செலவு

முதலாவது, கட்டும் செலவு. இது ஒரு தடவை வருவது. இரண்டாவது, மாதாமாதம் நடத்தும் செலவு. மூன்றாவது, பழைய பைப்பை மாற்றும் செலவு. மூன்றாவதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

உலக வங்கியின் உதவியோடு 1993 முதல் 1998 வரை பதுளை, இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்களில் சமூகக் குடிநீர்த் திட்டம் ஒன்று நடந்தது. அதில் கட்டும் செலவில் ஐந்தில் ஒரு பங்கு ஊர் மக்களுடையது. காசாக மட்டுமல்ல, கான் வெட்டியும் கல் சுமந்தும் அந்தப் பங்கைக் கொடுத்தார்கள். கட்டி முடிந்த பின் நடத்தும் செலவு முழுவதும் அவர்களின் சங்கத்துக்கே.

ஒரு கணக்குப் பார்ப்போம்

60 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். பைப் பார்ப்பவரின் கூலி, குளோரின், சில்லறைத் திருத்தம் எல்லாம் சேர்த்து மாதம் 9,000 ரூபா. வீட்டுக்கு 150 ரூபா. இதோடு நிறுத்தினால் இன்றைக்குத் தண்ணி வரும். ஆனால் 20 வருடத்தில் பைப் லைனை மாற்ற 14 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா தேவை என்றால், மாதம் 6,000 ரூபா ஒதுக்க வேண்டும். வீட்டுக்கு இன்னும் 100 ரூபா. ஆக, சரியான கட்டணம் 250 ரூபா. விலைவாசி ஏறும்போது இதையும் திருத்த வேண்டும்.

புது வீடு வந்தால்?

வறட்சிக் காலத்தில் ஊற்றடியில் 20 லீற்றர் வாளியை வையுங்கள். ஒரு நிமிடத்தில் நிறைந்தால், நாளொன்றுக்கு 28,800 லீற்றர். வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு 80 லீற்றர் என்றால் 60 வீட்டுக்கு 24,000 லீற்றர் போதும். இரவில் வரும் தண்ணியைச் சேர்க்க டேங்க் மட்டும் வேண்டும். 80 வீடானால் 32,000 லீற்றர் தேவை. அப்போது மேட்டு வீட்டுக்குத் தண்ணி ஏறாது, சண்டைதான் ஏறும்.

ஆகவே இணைப்புக் கொடுக்கும் முன்பே இன்னொரு ஊற்றும் டேங்கும் தேட வேண்டும். அந்தச் செலவில் ஒரு பங்கைப் புது வீட்டார் இணைப்புக் கட்டணமாகக் கொடுப்பது முறை. முன்பு குழி வெட்டியவர்களின் உழைப்பில்தானே அவர்களும் சேருகிறார்கள்? ஒரே தடவையில் முடியாதவர்களுக்குத் தவணை கொடுக்கலாம்.

பொறுப்பு நமக்கு மட்டுமா?

இல்லை. நாம் பங்கு கொடுப்பதால் மற்றவர்களின் கடமை தீர்ந்துவிடாது. ஊற்றையும் அதைச் சுற்றியுள்ள காட்டையும் பாதுகாக்க நிர்வாகத்தின் ஒத்துழைப்பு வேண்டும். அதை எழுத்தில் வாங்குங்கள். தோட்டத்துக்குள் பிரதேச சபை செலவு செய்யச் சட்டம் தடையாக இருந்தது. 2018 இல் சட்டம் திருத்தப்பட்டு அந்த வழி திறந்தது. கமிட்டியின் பெயரில் எழுத்து மூலம் கேளுங்கள். கையில் ஒரு கணக்கு இருந்தால் நம் கோரிக்கைக்கும் மதிப்புண்டு.

கமிட்டிக்குச் சில வார்த்தைகள்

வாங்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் ரசீது கொடுங்கள். காசை வங்கியில், இருவர் கையெழுத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கணக்கைக் கூட்டத்தில் வாசியுங்கள். வேலையில்லாத முதியவர்களுக்குச் சலுகை தேவையென்றால் கூட்டத்திலேயே முடிவெடுங்கள். தண்ணி சுமப்பவர்கள் பெண்கள்தான். அவர்களும் கமிட்டியில் இருக்கட்டும்.

வருகிற வறட்சியில் ஒரு வாளியோடும் கடிகாரத்தோடும் ஊற்றடிக்குப் போய் வாருங்கள். கட்டணத்தைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.