கார்ட்டூன் படங்களுக்கு ஒளி அமைத்தல்

பெங்களூர் நகரம் பூமத்தியரேகைக்கு ஏறத்தாழ 13 பாகை வடக்கே அமைந்துள்ளது. ஆதலால் ஆண்டில் இருமுறை, ஏப்ரல் 24-ஆம் நாளையும் ஆகஸ்டு 18-ஆம் நாளையும் ஒட்டி, நண்பகற் சூரியன் அந்நகரின் உச்சிக்கு நேராக வந்து நிற்கிறது. நிலத்தில் செங்குத்தாக நட்ட கோலின் நிழல் அப்பொழுது அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். நிழலில்லா நாள் என்று ஆசிரியர்கள் மாணவர்க்குக் காட்டும் அந்நேரத்தில், வெயிலில் நிற்கும் ஒருவரின் முகத்தையும் உற்று நோக்குதல் வேண்டும். நெற்றியும் மூக்கின் முதுகும் பளிச்சிட, கண்குழிகளும் மோவாயின் அடிப்பகுதியும் இருண்டு கிடக்கும். முகத்தை வரைய விரும்புவோர்க்கு இதைவிடப் பொருந்தாத ஒளி வேறில்லை.

கணிப்பொறியைக் கொண்டு படம் உருவாக்குவோர் பலர், அறியாமலே இத்தகைய ஒளியைத் தேர்ந்துகொள்கின்றனர். பிளெண்டர் போன்ற இலவச மென்பொருள்கள் கிடைப்பதனால், பாடத்தையும் வேளாண்மைச் செய்தியையும் விளக்கும் சிறு படங்களை ஆசிரியரும் விரிவாக்கப் பணியாளரும் தாமே தயாரிக்க முடிகிறது. இரண்டு மூன்று தட்டையான நிறங்களில் உருவங்களைக் காட்டும் கார்ட்டூன் முறை இப்பணிக்கு மிக ஏற்றது. கைபேசியின் சிறு திரையிலும் அது தெளிவாகத் தெரியும். ஆனால் இம்முறையில் விளக்கின் வேலை சாதாரணப் படத்தில் அதற்குள்ள வேலையன்று.

ஒரு பரப்பின்மீது விழும் ஒளியின் அளவு, அப்பரப்பின் செங்குத்துக்கோட்டிற்கும் ஒளி வரும் திசைக்கும் இடையேயுள்ள கோணத்தின் கோசைனைப் பொறுத்தது. லாம்பெர்ட் என்னும் அறிஞர் 1760-இல் வெளியிட்ட நூலில் இவ்விதியைக் காணலாம். நேராக விழும் ஒளி 1 எனின், 60 பாகையில் அது 0.5 ஆகும், 90 பாகையில் ஒன்றுமில்லை. இயற்கையில் இக்குறைவு படிப்படியாக நிகழ்கிறது. கார்ட்டூன் முறையிலோ நாம் ஒரு வரம்பை விதிக்கிறோம். 0.5-க்கு மேற்பட்ட இடமெல்லாம் ஒரு நிறம், கீழ்ப்பட்ட இடமெல்லாம் மற்றொரு நிறம். அவ்வரம்பின்படி, ஒரு பந்தின் முழுப் பரப்பில் நான்கில் ஒரு பங்கு மட்டுமே வெளிச்ச நிறம் பெறும்.

இப்பொழுது விளக்கின் வலிமையை இருமடங்காக்குவோம். புகைப்படமாயின் பந்து முழுவதும் பிரகாசமடையும். இங்கே நிறங்கள் மாறுவதில்லை. எல்லைக்கோடுதான் 60 பாகையிலிருந்து ஏறத்தாழ 75 பாகைக்கு நகர்ந்து, வெளிச்சப் பகுதி எட்டில் மூன்று பங்காகிறது. அதாவது, கார்ட்டூன் முறையில் விளக்கு என்பது பிரகாசம் தரும் சாதனமன்று. எல்லைக்கோடு வரையும் எழுதுகோல்.

இதனை உணர்ந்தால் எவ்விளக்கு தகும் என்பது விளங்கும். அருகிலுள்ள விளக்கின் ஒளி தூரத்தின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் குறையும். இரண்டு மீட்டரில் 1 ஆக இருந்த ஒளி நான்கு மீட்டரில் 0.25 மட்டுமே. எனவே நடந்து விலகும் உருவம், அவ்விடத்தை அடையுமுன்பே முற்றிலும் நிழல் நிறத்துள் மூழ்கிவிடும். சூரியனைப் போல் இணைகதிர் தரும் விளக்கில் இத்தொல்லை இல்லை. இனி, இடப்புறம் 45 பாகையிலும் வலப்புறம் 45 பாகையிலும் சம வலிமையுள்ள இரு விளக்குகளை வைத்தால், இரண்டின் ஒளியும் கூடி வரம்பை எங்கும் தாண்டும். மேலும் கீழும் சிறு விளிம்பு தவிர, பந்து வெறும் வட்டமாகக் காட்சியளிக்கும். படப்பிடிப்பு நிலையங்களில் பழகியோர் பல விளக்குகளை நாடுவது இயல்பே. இங்கு ஒன்றே போதும்.

இவ்விஷயம் அழகைப் பற்றியது மட்டுமன்று. பெங்களூரைச் சூழ்ந்த மாவட்டங்களில் கேழ்வரகு முக்கியப் பயிர். அதைத் தாக்கும் குலைநோயைப் பற்றி ஒரு பணியாளர் படம் தயாரிப்பதாகக் கொள்வோம். இந்நோய் இலையில், இருமுனையும் கூர்ந்த, நடுவே சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமும் கொண்ட புள்ளிகளாகத் தோன்றும். கேழ்வரகின் இலை நீண்டு வில்போல் வளைவது. விளக்கை உச்சியில் வைத்தால், 60 பாகைக்கு மேல் சாய்ந்த அடிப்பகுதியும் தொங்கும் நுனியும் வரம்பிற்குக் கீழ்ப்பட்டு இருண்டுவிடும். கருத்த நுனியை நோயின் அடையாளமாக உழவர் கருதினால், நோயற்ற பயிருக்கு மருந்து தெளிக்க நேரும். அன்றி, உண்மையான புள்ளி அந்நிழலுக்குள் அகப்பட்டால், காட்ட வேண்டியதே மறைந்துபோகும். காற்றில் அசையும் இலையோ இன்னும் தொல்லை தரும். தட்டையான பரப்பாதலால், கோணம் சிறிது மாறியவுடன் அதன் பெரும்பகுதி ஒருசேர நிறம் மாறி மின்னும்.

ஆகையால் விளக்கைப் பார்வையாளருக்கு இடப்புறமாக, சுமார் 45 பாகை உயரத்தில் வைத்துத் தொடங்குக. பின்னர், காட்ட வேண்டிய இலை அசைவின் எந்நிலையிலும் வரம்பை அணுகாதவாறு திருப்புக. ஒரே திசை எல்லா உருவங்களுக்கும் பொருந்தாவிடில், இலைக்குத் தனி விளக்கும் மனிதருக்குத் தனி விளக்கும் அளிக்கலாம். இஃது இயற்கைக்கு மாறானதெனத் தயங்க வேண்டியதில்லை. ஜப்பானில் 2014-இல் வெளிவந்த கில்டி கியர் எக்ஸ்ஆர்டி என்னும் விளையாட்டில், ஒவ்வொரு பாத்திரத்திற்கும் தனி விளக்கு அமைத்து, அசைவுக்கேற்ப அதன் திசையைக் கலைஞர்கள் கையாலேயே திருத்தினர்.

நிழலின் நிறத்தையும் ஒளி அமைப்பின் பகுதியாகவே கொள்க. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கூச் முதலியோர் 1998-இல், வெளிச்சத்திற்கு வெம்மையான நிறமும் நிழலுக்குக் குளிர்ந்த நிறமும் தரும் முறையை விளக்கினர். கருமையின்றியே வடிவம் புலப்படும் என்பது அதன் பயன். நம் கேழ்வரகுப் படத்தில் நிழலுக்கு நீலம் கலந்த பச்சை தகும். பழுப்பும் சாம்பலும் நோய்க்கு மட்டுமே உரியனவாக இருத்தல் வேண்டும்.

முடிந்த படத்தை அறையில் மட்டும் பார்த்துத் திருப்தியடையலாகாது. கைபேசியில் ஏற்றி, வயல் வெளியில், வெயிலில் பிடித்துப் பார்க்க. அங்கே நிழல் நிறமும் நோயின் நிறமும் ஒன்றாய்த் தெரிந்தால், புள்ளிகளின் நிறத்தை மாற்றாமல் நிழலை வெளிறச் செய்க.