இமயமலை இன்னும் உயருதா? பூமிக்கு அடியில் என்னதான் நடக்குது?

2015 ஏப்ரல் 25-ல் நேபாளத்தை உலுக்கிய 7.8 அளவிலான நிலநடுக்கத்தில் சுமார் 9,000 பேர் உயிரிழந்தனர். அன்று இன்னொன்றும் நடந்தது. ஒரே நிமிட அளவில் காத்மாண்டு பகுதி சுமார் ஒரு மீட்டர் மேலே எழும்பி, தெற்கே ஒரு மீட்டருக்கும் மேல் நகர்ந்தது. ஒரு நகரத்தையே தூக்கி வைக்கும் இந்தச் சக்தி எங்கிருந்து வருது?

அடியில் என்ன இருக்கு?

பூமியின் மையத்தில் வெப்பம் 5,000 டிகிரி செல்சியஸுக்கும் அதிகம். அந்த வெப்பத்தால் மேலோட்டுக்குக் கீழே உள்ள 'மேன்டில்' பாறை மிக மிக மெதுவாக நகர்கிறது. அது குழம்பு இல்லை, திடப்பாறைதான். ஆனாலும் லட்சக்கணக்கான ஆண்டுகளில் அசைந்து கொடுக்கும். மேலே இருக்கும் தட்டுகளும் நகர்கின்றன.

மலை எப்படி வந்தது?

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு ஆசியாவுடன் மோதியது. நடுவில் இருந்த டெதிஸ் கடலின் தரை நசுங்கி, மடிந்து மேலே எழுந்தது. எவரெஸ்ட் உச்சியில் கடல் உயிரினங்களின் படிமங்கள் இருப்பது அதனால்தான்.

இப்போதும் நகருதா?

ஆமாம். இந்தியா ஆண்டுக்கு சுமார் 5 செ.மீ. வடக்கே நகர்கிறது. கிட்டத்தட்ட நம் நகம் வளரும் வேகம். அதில் சுமார் 2 செ.மீ. அழுத்தத்தை இமயமலைதான் தாங்குகிறது. ஆனால் பாறைகள் வழுக்கிக்கொண்டு போவதில்லை. உராய்வால் சிக்கி நிற்கின்றன. வில்லை வளைப்பதுபோல அழுத்தம் சேர்ந்துகொண்டே போகும். தாங்க முடியாதபோது சட்டென்று நழுவும். அதுதான் நிலநடுக்கம். மலையை உயர்த்துவதும், வீட்டை இடிப்பதும் ஒரே சக்திதான்.

அடுத்த ஆபத்து எங்கே?

மேற்கு நேபாளத்தில் 1505-க்குப் பிறகு மிகப்பெரிய நிலநடுக்கம் வரவில்லை. ஆண்டுக்கு 2 செ.மீ. என்றால், 500 ஆண்டுகளில் 10 மீட்டர் நகர்வு பாக்கி நிற்கிறது. விஞ்ஞானிகள் கவலைப்படுவது இதற்குத்தான்.

என்ன செய்யலாம்?

எந்த நாளில் வரும் என்று முன்கூட்டியே சொல்ல வழி இல்லை. கட்டடங்களை உறுதியாகக் கட்டலாம். 2015-ல் அதிகம் இடிந்தவை மண் சாந்து வைத்துக் கட்டிய கல், செங்கல் வீடுகள். ஆயிரக்கணக்கான பள்ளிகளும் இடிந்தன. அன்று சனிக்கிழமை, நேபாளத்தில் வார விடுமுறை. வகுப்பறைகள் காலியாக இருந்தன. அடுத்த முறையும் விடுமுறை நாளாகவே அமையும் என்று யார் சொல்ல முடியும்?