தாழ்ந்த காரும் சாய்ந்த சக்கரமும்

ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில், தரையை உரசுவதுபோல் தாழ்ந்து, சக்கரங்களின் தலை உட்புறம் சாய்ந்த மாருதி 800 ஒன்று போனால் நாம் நின்று பார்க்கிறோம். இவ்வலங்காரம் ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே 1995-இல் கார் மாற்ற விதிகள் தளர்ந்தன. அதே ஆண்டு தொடங்கிய 'இனிஷியல் டி' சித்திரக்கதை மலைப்பாதைப் பந்தயத்தின் மோகத்தை வளர்த்தது. 2001-இல் வந்த ஹாலிவுட் படம் உலகெங்கும் பரப்பிற்று.

காரைத் தாழ்த்துவதில் பயன் உண்டா? உண்டு. திருப்பத்தில் பாரம் உட்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறுகிறது. புவியீர்ப்பு மையம் தாழத் தாழ அம்மாற்றம் குறையும். ஆளோடு எடை 720 கிலோ, சக்கர இடைவெளி 1.2 மீட்டர், திருப்பத்தின் விசை எடையில் பாதி என்று கொள்வோம். 5 சென்டிமீட்டர் தாழ்த்தினால் குறைவது 15 கிலோ பாரமே!

அதற்குக் கொடுக்கும் விலை என்ன? ஸ்பிரிங் அசைய இடம் குறைகிறது. குழியில் இறங்கினால் அடிப்பாகம் தரையில் மோதும். சக்கரத்தை அளவுமீறிச் சாய்த்தால் டயரின் உள்விளிம்பே தரையைப் பற்றும். பிரேக் பிடித்தாலும் கார் உடனே நிற்காது. சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆயினும் இக்கலையை இகழ வேண்டாம். கோவை கரிவரதன் மாருதி 800 எஞ்சினைக் கொண்டே பந்தயக் கார் கட்டினார். அது ஓடியது பந்தயத் திடலில். 2001-இல் சுரங்கம் மூடியபின் கைத்தொழிலே சொத்தாய் மிஞ்சிய ஊர் நமது. நண்பர்களே, அக்கைத்திறன் தெருவில் வீணாகாமல் திடலுக்குப் போகட்டும்!