நாய்க்கு முதுகு சரியாகிட்டு வருது… ஓட விடலாமா?

முதுகு பாதிச்ச நாய்க்கு ரொம்ப ஆபத்தான நாள் எது? வலியில கத்துற நாள்னுதான் தோணும். என்னைக் கேட்டா, அது மறுபடி வாலாட்டிக்கிட்டு ஓடப் பாக்குற நாள்னு சொல்வேன். ஏன், அப்போ என்ன பண்ணணும்னு இன்னிக்குப் பேசலாம்.

எங்க வீட்டுல சுண்டல்னு ஒரு டாஷ்ஹண்ட். 5 வயசு, 8 கிலோ. போன வருஷம் அவனுக்கு டிஸ்க் பிதுங்கிடுச்சு. மனுஷங்களுக்கு 'ஜவ்வு விலகிடுச்சு'ன்னு சொல்வோமே, கிட்டத்தட்ட அதேதான்.

முதுகெலும்புகளுக்கு நடுவுல இருக்கிற டிஸ்க், ஜாம் வச்ச பன் மாதிரி. நடுவுல மெத்துன்னு இருக்கும், சுத்தி உறுதியான நார் வளையம். டாஷ்ஹண்ட், ஃப்ரெஞ்ச் புல்டாக், பீகிள் மாதிரி சில இனங்கள்ல நடுப்பகுதி சின்ன வயசுலயே காய்ஞ்சு, சுண்ணாம்பு படிஞ்சு இறுகிடும். இதுக்குப் பின்னாடி இருக்கிற மரபணு மாற்றத்தை 2017ல கண்டுபிடிச்சாங்க. அதனால பெரிய அடி எதுவும் வேணாம். சோபாவுல இருந்து ஒரு குதி போதும், வளையம் கிழிஞ்சு உள்ள இருக்கிறது தண்டுவடத்தை அழுத்தும்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். பின்னங்கால் அசையல, இழுத்துக்கிட்டுப் போகுது, யூரின் போக முடியலன்னா வீட்டு வைத்தியமே கிடையாது. ராத்திரியா இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிட்டு ஓடுங்க. ஆபரேஷன் தேவைப்படலாம். நம்ம வலி மாத்திரையையும் கொடுக்காதீங்க. பாராசிட்டமால், இபுப்ரூஃபென் எல்லாம் நாய்க்கு விஷமாகலாம். இனி நான் சொல்றது, நாய் நடக்குது, டாக்டர் ஓய்வு சொல்லியிருக்கார்ங்கிற நிலைமைக்கு.

மருந்து ஆரம்பிச்சதும் சில நாள்லயே வலி குறைஞ்சிடும். ஆனா கிழிஞ்ச வளையம் ஆற வாரக்கணக்காகும். வலி போயிடுச்சு, காயம் போகல. இந்த இடைவெளியிலதான் நாய் துள்ளும், மறுபடி பிதுங்கும், நடந்துக்கிட்டிருந்த கால் நின்னுபோகும். கால்நடை நரம்பியல் நிபுணர்கள் 2022ல வெளியிட்ட பரிந்துரை, குறைஞ்சது 4 வாரம் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தணும்னு சொல்லுது.

கட்டுப்பாடுன்னா கூண்டு. நிக்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் இருந்தா போதும். எங்கம்மா பத்தாவது நாளே, "நல்லாத்தானேடா இருக்கான், எதுக்கு ஜெயில்ல போட்டு வச்சிருக்க? பாவம்டா"ன்னாங்க. அவங்களுக்கு அந்த ஜாம் பன் கதையைச் சொன்னேன். அப்புறம் அவங்களே துண்டுக்குள்ள தீனியைச் சுருட்டி ஒளிச்சு வச்சு அவனுக்கு வேலை கொடுத்தாங்க. மூக்குக்கு வேலை இருந்தா காலு கொஞ்சம் சும்மா இருக்கும்.

வெளியே போறது டாய்லெட்டுக்கு மட்டும். கழுத்துப் பட்டையில இல்ல, ஹார்னஸ்ல. தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில, இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியில, முதுகு தரைக்கு இணையா இருக்கணும். எங்க ஃபிளாட் ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு தடவையும் தூக்கிட்டுத்தான் இறங்கினோம்.

ஓய்வு முடிஞ்சு டாக்டர் சரின்னதும் நடை ஆரம்பம். எங்களுக்குச் சொன்னது: சமதரையில 5 நிமிஷம், நாளைக்கு ரெண்டு மூணு தடவை. வாரா வாரம் சில நிமிஷம் கூட்டலாம். வேகம் முக்கியம். மெதுவா நடந்தாதான் நாலு காலையும் தனித்தனியா ஊனும். வேகமா விட்டா பலவீனமான பின்னங்கால் ரெண்டையும் சேர்த்துத் துள்ளித் தப்பிச்சுக்கும்.

அடுத்தது, உட்கார்ந்து எழுந்திரிக்கிற பயிற்சி. அப்புறம் தரையில துடைப்பக் கட்டையைப் படுக்க வச்சு மெதுவா தாண்டி நடக்க வைக்கிறது. எதைக் கூட்டினாலும் மறுநாள் காலையில பாருங்க. முதுகு வளைஞ்சிருக்கா, பாதம் மடங்குதா, தள்ளாடுதா? இருந்தா நடையை நிறுத்தி டாக்டருக்குப் போன் பண்ணுங்க.

வீட்டையும் மாத்தணும். நம்ம டைல்ஸ் தரை நாய்க்கு ஐஸ் மாதிரி வழுக்கும். பழைய யோகா மேட்டை நடக்குற வழியில விரிங்க, நகத்தை வெட்டிவிடுங்க. எடையும் முக்கியம். 8 கிலோ நாய்க்கு 1 கிலோ கூடுறது, 64 கிலோ ஆளுக்கு 8 கிலோ கூடுற மாதிரி. ஓய்வுல இருக்கும்போது சாப்பாட்டு அளவையும் டாக்டரைக் கேட்டுக் குறைங்க.

சுண்டல் இப்போ 25 நிமிஷம் நடக்கிறான். சோபா, படிக்கட்டு, பந்து எறியிறது மட்டும் கிடையாது. மத்த டிஸ்க்கும் அதே வகைதானே.

டாக்டர்கிட்ட எந்த வாரம் எத்தனை நிமிஷம்னு எழுதி வாங்கி, ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டுங்க. வீட்டுல யாராவது "பாவம், ஓடட்டுமே"ன்னா அந்தப் பேப்பரைக் காட்டுங்க. நாயோட உற்சாகத்தைக் கேட்டு முடிவு பண்ணாதீங்க. அது எப்பவும் 'ரெடி'ன்னுதான் சொல்லும்.