கண்ணாடியின் மேல் பிறக்கும் கல்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

கல் எங்கே பிறக்கிறது? மலையிலே, மண்ணுக்கடியிலே என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஆனால் சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடி என்னும் சிற்றூரில் கல் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் பிறக்கிறது! செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் தரையில் பூப்பூவாய் விரிந்து கிடக்கும் கற்களைத் தோழியர் பலர் பார்த்திருப்பீர்கள். அவையே ஆத்தங்குடிக் கற்கள். என் தாய்மாமா அந்தப் பட்டறை ஒன்றில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறார். சென்ற கோடை விடுமுறையில் அம்மாச்சி வீட்டுக்குப் போயிருந்தபோது, அவரோடு பட்டறைக்குச் சென்று பார்த்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

மனிதன் கல்லைப் போன்ற ஒன்றைத் தானே செய்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டது புதிதன்று. 1824ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் ஒருவகைச் சிமெண்டுக்கு உரிமம் பெற்றார். அது இறுகியபின் அந்நாட்டின் போர்ட்லண்ட் என்ற இடத்துக் கல்லைப்போல் தோன்றும் என்பதால் அதற்குப் 'போர்ட்லண்ட் சிமெண்ட்' என்று பெயரிட்டார். ஆகவே சிமெண்டின் பெயரிலேயே ஒரு கல் ஒளிந்திருக்கிறது.

இனிச் செய்முறையைக் காண்போம். முதலில் சதுரமான கண்ணாடித் தகட்டை நன்றாகத் துடைத்து, அதைச் சுற்றி இரும்புச் சட்டத்தை வைக்கிறார்கள். சட்டத்துக்குள் பூ வடிவத்தில் வளைத்த உலோக அச்சு இறங்குகிறது. அச்சில் சிறு சிறு அறைகள் இருக்கும். வெள்ளைச் சிமெண்டுடன் வண்ணப்பொடி சேர்த்துக் குழைத்த கலவையைச் சிறு கரண்டியால் அறைக்கு ஒரு நிறமாக ஊற்றுகிறார்கள். பின் அச்சை மெல்லத் தூக்க வேண்டும். கை சற்றே நடுங்கினாலும் சிவப்பு பச்சையோடு கலந்துவிடும். மாமா தூக்கும்போது மூச்சைக் கூட விடுவதில்லை!

உடனே அதன்மேல் ஈரமில்லாத சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவுகிறார்கள். வண்ணத்தில் மிகுந்துள்ள நீரை இப்பொடி உறிஞ்சிக்கொள்வதால் நிறங்கள் ஓடாமல் நின்ற இடத்தில் நிற்கின்றன. அதற்கும் மேலே ஈரக் கலவையை நிரப்பி, அழுத்தி மட்டம் செய்கிறார்கள். நாம் நடக்கப் போகும் முகம் அடியில் கண்ணாடியைப் பார்த்தபடி கிடக்கிறது. கண்ணாடி எவ்வளவு வழவழப்போ அவ்வளவு வழவழப்பு கல்லுக்கும் வந்துவிடுகிறது. மெருகுபோடும் இயந்திரமும் இல்லை, சூளையும் இல்லை, விறகும் இல்லை.

பின்பு கற்களைத் தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறப்போடுகிறார்கள். இங்கேதான் எனக்கு ஐயம் வந்தது. காய வேண்டியதை ஏன் நனைக்க வேண்டும்? விடுமுறை முடிந்து வந்ததும் எங்கள் அறிவியல் சிஸ்டரிடம் கேட்டேன். சிமெண்ட் காய்வதால் கெட்டியாவதில்லை. அதிலுள்ள கால்சியம் சிலிக்கேட்டுகள் நீருடன் வினைபுரிந்து புதிய சேர்மங்களாகி ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால்தான் கெட்டியாகிறது. நீர் இல்லையேல் வினை பாதியில் நின்றுவிடும், கல் பொறுக்கு விடும். கட்டடக்காரர்கள் கான்கிரீட்டின் வலிமையை 28ஆம் நாளில் சோதிப்பதும் இதனால்தான் என்று சிஸ்டர் விளக்கினார்கள்.

வண்ணங்கள் ஏன் வெளுப்பதில்லை? சிவப்பு என்பது இரும்பு ஆக்சைடு, அதாவது துருவின் உறவினர். அது ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்டதால் வெயிலும் சிமெண்டின் காரமும் அதை எளிதில் மாற்ற முடிவதில்லை.

ஒரு நாள் மாமா சாப்பிடப் போன நேரம், முந்தின நாள் வார்த்த கல் ஒன்றைப் பார்க்கும் ஆவலில் கண்ணாடியைப் பிரித்துவிட்டேன். பூவின் பாதி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மீதி என் கையில் உதிர்ந்தது. எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் மாமாவுக்கு அது நட்டம். அழுதுகொண்டே நின்றேன். அவர் திட்டவில்லை. "கல்லாகறதுக்கு அதுக்கும் நாள் வேணும்ல தாயி" என்று மட்டும் சொல்லி, உதிர்ந்ததைக் கூட்டி அள்ளினார்.

அப்போதுதான் அவர் விரல்களைக் கவனித்தேன். நுனியெல்லாம் வெடித்திருந்தன. ஈரச் சிமெண்ட் காரத்தன்மை உடையது, தோலை அரிக்கும். அம்மாவிடம் சொல்லி ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தேன். ஊற்றும்போது விரலுக்குக் கரண்டி பிடிபடவில்லை என்று கழற்றிவிட்டார். ஆனால் கலவை பிசையும்போது இப்போது போட்டுக்கொள்கிறாராம். அத்தை சொன்னார்கள். மாமாவின் மகன் இவ்வேலை வேண்டாம் என்று வெளியூர் போய்விட்டான். அவனைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

அழகான கல்லை வாங்கும்போது அதைச் செய்தவர் உடலையும் நினைக்க வேண்டும். குவார்ட்ஸ் துகளைப் பிசினோடு சேர்த்து அழுத்திய செயற்கைக் கற்பலகைகளை வெட்டும்போது எழும் நுண்தூசி தொழிலாளரின் நுரையீரலைக் கெடுப்பதால், 2024ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய நாடு அவற்றைத் தடை செய்தது. எந்தக் கல்லையும் நீர் ஊற்றி வெட்டினால் தூசி அடங்கும். வீடு கட்டும் பெற்றோர் இதைக் கேட்டுச் செய்விக்கலாம். மற்றொன்று: பூக்கல் தரையை அமிலம் ஊற்றிக் கழுவக் கூடாது. அமிலம் சிமெண்டைக் கரைத்துவிடும். தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தாலே போதும். நடக்க நடக்க மெருகு ஏறும்.

எங்கள் புதுவீட்டுக்கு அப்பா ஆலையில் செய்த டைல்ஸ்தான் எடுத்திருக்கிறார். விலையும் வேலையும் அப்படி. ஆனால் முன் திண்ணைக்கு மட்டும் மாமா வார்த்த கற்கள் வருகின்றன. அவை இப்போது தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கின்றன. இம்முறை நாள் நிறையும்வரை நான் ஒன்றையும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை!