தலைசிறந்த படம் எது? திரைப்பட வாக்கெடுப்புகளும் ஜொகூர்த் தமிழ் இரசிகர்களின் விவாதமும்

முன்னுரை

தலைசிறந்த திரைப்படங்களின் பட்டியல் ஒன்று வெளிவரும்போதெல்லாம், அப்பட்டியலைவிட அதனைப் பற்றிய விவாதமே நெடுநாள் நிலைக்கின்றது. ஜொகூர் மாநிலத் தமிழரிடையே இவ்விவாதம் புதியதன்று. ரெங்கம், லாயாங் லாயாங், குளுவாங், சிகாமட் வட்டாரங்களின் பால்மரத் தோட்டங்களில் திடலில் வெண்திரை கட்டிப் படம் காட்டப்பட்ட காலத்திலேயே, எம்.ஜி.ஆர். படமா சிவாஜி படமா என்னும் வழக்கு லயத்து வாசலிலும் ஒட்டுக்கடையிலும் நடந்து வந்தது. இன்று அவ்வழக்கு தாமான் வீடுகளுக்கும் கல்லூரி விடுதிகளுக்கும் இடம் பெயர்ந்துள்ளது. பெயர்கள் மாறியிருப்பினும் வினா மாறவில்லை.

இவ்விவாதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தேங்கி நிற்பதை நாம் காண்கிறோம். "இந்தப் படம் எப்படி முதலிடம் பெறலாம்? அந்தப் படம் ஏன் விடுபட்டது?" என்று முடிவோடு வழக்காடுகிறோமேயன்றி, அம்முடிவு எவ்வாறு பிறந்தது என்று கேட்பதில்லை. யார் வாக்களித்தனர், வாக்குகள் எவ்வாறு எண்ணப்பட்டன, வாக்களித்தோர்க்கு எப்படங்கள் பார்க்கக் கிடைத்தன ஆகிய மூன்று வினாக்களே எப்பட்டியலையும் புரிந்துகொள்ளத் துணை செய்யும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

உலகளாவிய வாக்கெடுப்பு

இத்துறையில் மூத்ததும் பெரிதும் மதிக்கப்படுவதும் இலண்டனில் வெளிவரும் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழின் வாக்கெடுப்பாகும். 1952ஆம் ஆண்டு தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை இது நடைபெறுகின்றது. முதல் வாக்கெடுப்பில் இத்தாலியப் படமான 'பைசைக்கிள் தீவ்ஸ்' முதலிடம் பெற்றது. 1962 முதல் 2002 வரை ஐந்து வாக்கெடுப்புகளிலும் 'சிட்டிசன் கேன்' முதலிடத்தை விடாது காத்தது. 2012இல் 'வெர்ட்டிகோ' அதனை இறக்கியது. 2022இல் பெல்ஜிய இயக்குநர் ஷாந்தால் அக்கர்மன் 1975இல் எடுத்த 'ழான் டீல்மன்' முதலிடத்துக்கு வந்தது. பெண் ஒருவர் இயக்கிய படம் அவ்விடத்தைப் பெற்றது அதுவே முதல்முறை.

இம்மாற்றத்தை எதிர்த்தும் ஆதரித்தும் உலகெங்கும் விவாதம் எழுந்தது. ஆயினும் வாக்காளர் தொகையை நோக்கின் ஒன்று புலனாகும். 2012இல் 846 பேர் வாக்களித்தனர்; 2022இல் 1,639 பேர் வாக்களித்தனர். பத்தாண்டுகளில் வாக்களிக்கும் அவை ஏறத்தாழ இருமடங்காயிற்று. அவை மாறினால் தீர்ப்பும் மாறும். பழைய படங்கள் தரம் தாழ்ந்துவிட்டன என்று இதற்குப் பொருளில்லை. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' இதற்கு நல்ல சான்றாகும். 1992இல் விமர்சகர் பட்டியலில் ஆறாம் இடத்தில் நின்ற அப்படம், 2022இல் 35ஆம் இடத்தில் நின்றது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் படத்தின் ஒரு காட்சியும் மாறவில்லை.

ஒன்பது இரசிகர், மூன்று படங்கள்

எண்ணும் முறை எவ்வளவு ஆற்றல் வாய்ந்தது என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். குளுவாங்கில் ஓர் ஒட்டுக்கடையில் ஒன்பது இரசிகர்கள் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். அவர்கள்முன் 'நாடோடி மன்னன்' (1958), 'தில்லானா மோகனாம்பாள்' (1968), 'உதிரிப்பூக்கள்' (1979) ஆகிய மூன்று படங்கள் உள்ளன.

நால்வர் எம்.ஜி.ஆர். இரசிகர்கள். அவர்களுக்கு முதலில் 'நாடோடி மன்னன்', அடுத்து 'உதிரிப்பூக்கள்', இறுதியில் 'தில்லானா மோகனாம்பாள்'. மூவர் சிவாஜி இரசிகர்கள். அவர்களுக்கு முதலில் 'தில்லானா மோகனாம்பாள்', அடுத்து 'உதிரிப்பூக்கள்', இறுதியில் 'நாடோடி மன்னன்'. எஞ்சிய இருவர் இயக்குநர் மகேந்திரனின்மீது பற்றுடையோர். அவர்களுக்கு முதலில் 'உதிரிப்பூக்கள்', அடுத்து 'தில்லானா மோகனாம்பாள்', இறுதியில் 'நாடோடி மன்னன்'.

ஆளுக்கு ஒரு வாக்கு என்று எண்ணினால், 'நாடோடி மன்னன்' நான்கு வாக்குகளுடன் வெல்லும். கடைசியில் நிற்கும் படத்தை விலக்கி மீண்டும் வாக்கெடுத்தால், 'உதிரிப்பூக்கள்' வெளியேறும். அவ்விருவரின் வாக்கும் 'தில்லானா மோகனாம்பா'ளுக்குச் சேர்ந்து, அப்படம் ஐந்துக்கு நான்கு என்று வெல்லும். முதலிடத்துக்கு மூன்று, இரண்டாம் இடத்துக்கு இரண்டு, மூன்றாம் இடத்துக்கு ஒன்று எனப் புள்ளிகள் வழங்கினால், முன்னைய இரு படங்களும் தலா 17 புள்ளிகள் பெற, 'உதிரிப்பூக்கள்' 20 புள்ளிகளுடன் முதலிடம் பெறும்.

இரசிகர்கள் அதே ஒன்பது பேர். அவர்தம் விருப்பமும் மாறவில்லை. இருந்தும் மூன்று முறைகளில் மூன்று வெற்றிகள் கிடைக்கின்றன. யாரும் ஏமாற்றவுமில்லை. ஆகவே, 'மக்கள் தீர்ப்பு' என்று ஒரு பட்டியல் நம்முன் வைக்கப்படும்போது, எம்முறையில் பெற்ற தீர்ப்பு என்று கேட்பது குறும்புக் கேள்வியாகாது.

'சைட் அண்ட் சவுண்ட்' வாக்கெடுப்பில் ஒவ்வொருவரும் பத்துப் படங்களைப் பெயரிடுவர். அப்பத்தும் சம மதிப்புடையவை. இதனால், சிலருக்கு உயிரான படத்தைவிடப் பலருக்கு உடன்பாடான படமே மேலே வரும். மேலும், பல சிறந்த படங்களை எடுத்த இயக்குநரின் வாக்குகள் அப்படங்களிடையே சிதறிப்போதலும் உண்டு.

பட்டியல்களில் தமிழ்த் திரைப்படம்

இவ்வளவுகோல்களைக் கொண்டு, தமிழ் இரசிகர்கள் பெரிதும் பேசிய மூன்று பட்டியல்களை நோக்குவோம்.

முதலாவது, 2005இல் 'டைம்' இதழ் வெளியிட்ட நூறு படங்களின் பட்டியல். மணிரத்னம் இயக்கிய 'நாயகன்' (1987) அதில் இடம் பெற்றது தமிழர்க்குப் பெருமகிழ்வை அளித்தது. அப்படம் நடிப்பு, ஒளிப்பதிவு, கலை இயக்கம் ஆகியவற்றுக்காக முன்னரே தேசிய விருதுகள் பெற்றிருந்தது. எனினும், அது 'காட்பாதர்' படத்தின் சாயலுடையது என்போரும், அதனினும் சிறந்த தமிழ்ப் படங்கள் உள்ளன என்போரும் எதிர்வழக்கு ஆடினர். இவ்விடத்து இரண்டு செய்திகளை மனங்கொள்ளல் வேண்டும். அப்பட்டியல் வாக்கெடுப்பில் பிறந்ததன்று; ரிச்சர்ட் கோர்லிஸ், ரிச்சர்ட் ஷிக்கல் என்னும் இரு விமர்சகர்களின் தேர்வாகும். அது தரவரிசையுமன்று; அகர வரிசையில் அமைந்தது. எனவே, 'நாயகன்' எத்தனையாவது இடம் என்னும் பேச்சுக்கே அங்கு இடமில்லை.

இரண்டாவது, இந்தியத் திரைப்பட நூற்றாண்டையொட்டி 2013இல் சி.என்.என்.-ஐ.பி.என். தொலைக்காட்சி நடத்திய பொதுமக்கள் வாக்கெடுப்பு. நூறு படங்களிலிருந்து கே.வி.ரெட்டி இயக்கிய 'மாயாபஜார்' (1957) முதலிடம் பெற்றது. சென்னையில் விஜயா நிறுவனத்தார் தெலுங்கிலும் தமிழிலும் உருவாக்கிய படம் இது. என்.டி.ராமராவ், ரங்காராவ், சாவித்திரி ஆகியோர் இரண்டிலும் நடித்தனர். அபிமன்யுவாகத் தெலுங்கில் நாகேஸ்வரராவும் தமிழில் ஜெமினி கணேசனும் தோன்றினர். ஆதலின், இவ்வெற்றியில் தமிழர்க்கும் பங்குண்டா என்னும் சுவையான வழக்கு எழுதற்கு இடமுண்டு. வெற்றி பெற்ற படத்துக்குக் கிடைத்தவை மொத்த வாக்குகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. எஞ்சிய முக்கால் பங்கினர் வேறு படங்களையே விரும்பினர். நமது ஒன்பது இரசிகர்களின் முதல் முறையை இது நினைவூட்டுகின்றது.

மூன்றாவது, அனைத்துலகத் திரைப்பட விமர்சகர் கூட்டமைப்பின் இந்தியப் பிரிவு 2022இல் வெளியிட்ட பத்துப் படங்களின் பட்டியல். முப்பது உறுப்பினர்கள் மறைவாக வாக்களித்தனர். 'பதேர் பாஞ்சாலி' முதலிடம் பெற்றது. பத்தில் ஐந்து இந்தி, மூன்று வங்காளம், மலையாளமும் கன்னடமும் ஒவ்வொன்று. தமிழ்ப் படம் ஒன்றுமில்லை.

இவ்வின்மைக்கு இருவகை விடைகள் விரைந்து கூறப்படுகின்றன. ஒன்று, தமிழைத் திட்டமிட்டு ஒதுக்கினர் என்பது. மற்றொன்று, தமிழில் உலகத்தரமான படமே இல்லை என்பது. இரண்டுமே ஆராயாத முடிவுகளாகும். அப்பட்டியல் படங்கள் அனைத்தும் 1950களின் நடுவிலிருந்து 1980களின் தொடக்கம் வரையிலானவை; பெரும்பாலானவை வணிகப் போக்கிலிருந்து விலகிய மாற்றுத் திரைப்படங்கள். அக்காலத்தில் வங்காளத்திலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் அவ்வகைப் படங்கள் ஓர் இயக்கமாக வளர்ந்தன. தமிழிலோ ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' (1978), மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' போன்றவை தனித்தனி முயற்சிகளாகவே நின்றன. வெகுமக்கள் படங்களை விமர்சகர்கள் ஏற்பதில்லை என்றும் கூறிவிட இயலாது. 'ஷோலே' அப்பட்டியலில் பத்தாம் இடத்தில் உள்ளது. ஆனால் 'ஷோலே' பல மொழியினரும் கண்ட இந்திப் படம். 'தில்லானா மோகனாம்பா'ளைக் கண்டு வளர்ந்தோர் அம்முப்பதின்மருள் எத்தனை பேர் இருத்தல் கூடும் என்பதே பொருத்தமான வினா.

பார்க்கக் கிடைத்தவை

பார்க்காத படத்துக்கு யாரும் வாக்களிப்பதில்லை. தமிழின் முதல் பேசும்படம் எனப் போற்றப்பெறும் 'காளிதாஸ்' (1931) படத்தின் படிகள் இன்று இல்லை. நடராஜ முதலியாரின் மௌனப்படமான 'கீசகவதம்' அழிந்துபோயிற்று. இவை எப்பட்டியலிலும் இடம்பெற இயலா.

இந்த அளவுகோல் ஜொகூருக்கு மிகவும் பொருந்தும். தோட்டத் திடல் காலத்தில் எப்படம் பார்ப்பது என்பதை இரசிகர் முடிவு செய்யவில்லை. படச்சுருள் கொண்டு வந்தவர் முடிவு செய்தார். பின்னர் ஒளிநாடா வந்தது. நீரிணைக்கு அப்பாலிருந்து சிங்கப்பூர்த் தொலைக்காட்சியின் அலைகள் தென் ஜொகூர் வீடுகளை எட்டின. 1996இல் ஆஸ்ட்ரோவின் 'வானவில்' அலைவரிசை தொடங்கிற்று. அவ்வவ் வாயில் திறந்துவிட்ட படங்களே அவ்வத் தலைமுறையின் 'தலைசிறந்த படங்கள்' ஆயின. தந்தையும் மகனும் இவ்விவாதத்தில் முரண்படுவது சுவை வேறுபாட்டால் மட்டுமன்று. அவர்கள் தேர்ந்தெடுத்த குவியல்களே வேறு.

விதியை மாற்றிய விவாதம்

முடிவை விட்டு விதியைக் கேட்பதால் பயன் விளையும் என்பதற்கு மலேசியாவிலேயே சான்றுண்டு. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' (2015), தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்களின் வாழ்வை 1990களின் தொடக்கப் பின்னணியில் ஒரு சிறுவன்வழிக் காட்டிய படம். 2016இல் நடந்த 28ஆம் மலேசியத் திரைப்பட விழாவில், மலாய்மொழி உரையாடல் போதிய அளவு இல்லாத படங்கள் தனிப்பிரிவில் வைக்கப்பட்டன. 'ஜகாட்', பன்மொழிப் படமான 'ஓலா போலா' ஆகியவை அப்பிரிவில் அடங்கின.

மலேசியாவில், மலேசியரைப் பற்றி, மலேசியர் எடுத்த படம் ஏன் மலேசியாவின் சிறந்த படமாக மதிப்பிடப்படக் கூடாது என்று இனவேறுபாடின்றித் திரைத்துறையினர் கேட்டனர். எழுந்த எதிர்ப்பின் பயனாக, மொழி வரம்பற்ற 'சிறந்த மலேசியத் திரைப்படம்' என்னும் பிரிவும், தேசிய மொழிப் படத்துக்குரிய பிரிவும் அமைக்கப்பட்டன. முன்னதை 'ஜகாட்' வென்றது. பின்னதை 'முனாபிக்' வென்றது. படம் மாறவில்லை, கேள்வி விதியை நோக்கித் திரும்பியது, விதி மாறியது.

ஜொகூரில் செய்யத்தக்கது

ஜொகூருக்கு இவ்விவாதத்தில் தனியுரிமை உண்டு. 'செப்பெட்' படத்தால் 2005இல் மலேசியத் திரைப்பட விழாவின் சிறந்த பட விருதைப் பெற்ற யாஸ்மின் அஹ்மாட் மூவாரில் பிறந்தவர். அவரது 'டேலண்டைம்' (2009) படத்தில் தமிழ்க் குடும்பம் ஒன்று கதையின் நடுவே நிற்கின்றது. இத்தகைய படம் தமிழ்ப் படங்களின் பட்டியலில் சேருமா, மலாய்ப் படங்களின் பட்டியலில் சேருமா? சென்னையில் எடுக்கப்படும் பட்டியல் இவ்வினாவை எழுப்பவே வாய்ப்பில்லை. அவ்வாறே 'கபாலி' (2016) தமிழகத்தார்க்கு ரஜினிகாந்த் படமாக இருக்கலாம். தோட்டக் கூலிக்காகக் குரல் எழுப்பிய தலைமுறையின் பிள்ளைகளுக்கு அது வேறொன்று.

ஆகவே, ஜொகூர்த் தமிழர்க்கென ஒரு வாக்கெடுப்பு நடைபெறுதல் நன்று. ஒவ்வொருவரும் பத்துப் படங்களை வரிசையின்றிப் பெயரிடலாம். வாக்காளரின் வயதும், அப்படத்தை முதலில் எங்கே, எவ்வாறு பார்த்தார் என்பதும் உடன் குறிக்கப்பட வேண்டும். மலேசியத் தமிழ்ப் படங்களுக்குத் தனிப்பட்டியல் வேண்டும். இல்லையேல் அவை தமிழகப் படங்களின் எண்ணிக்கையில் மூழ்கிவிடும். எண்ணும் முறை முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். தமிழ்ப்பள்ளிகளும் வாசகர் வட்டங்களும் கோயில் மண்டபங்களும் இதற்குரிய களங்களாகும். இந்திய ஆய்வியல் மாணவர்க்கு இது தக்கதொரு களப்பணியுமாகும்.

முடிவுரை

திரைப்படப் பட்டியல் என்பது படங்களின் தரத்தை மட்டும் அளப்பதன்று. வாக்களித்த அவையையும், எண்ணிய முறையையும், பார்க்கக் கிடைத்த வாய்ப்பையும் சேர்த்தே அளக்கின்றது. இதனை உணர்ந்தால், பட்டியலில் நம் படம் இல்லை என்று மனம் வெதும்பவும் வேண்டா. இருக்கிறது என்று மயங்கவும் வேண்டா.

பால்மரம் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கின்றது. சிலவற்றில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துள்ளன. திடலில் பாய் விரித்துப் படம் பார்த்தோர் முதுமை எய்திவிட்டனர். அவர்கள் எப்படத்தைத் தலைசிறந்தது என்பர், ஏன் அவ்வாறு கூறுவர் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதி வைக்கும் காலம் நமக்கு இன்னும் சில ஆண்டுகளே உண்டு. அப்பதிவு முதலில் நடைபெறட்டும். முதலிடம் எதற்கு என்னும் வழக்கை அதன்பின் நாம் தொடரலாம்.