மோட்டாருக்கான காண்டாக்டர் தேர்வு

காண்டாக்டர் என்பது, சுருளில் பாயும் சிறு மின்னோட்டம் உண்டாக்கும் காந்த விசையால் பெரிய மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் சாதனம். கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியில் பச்சைப் பொத்தானை அழுத்தியதும் 'டக்' என்று கேட்பது இதன் ஒலிதான்.

இதற்கு இரண்டு ஆம்பியர் அளவுகள் குறிக்கப்பட்டிருக்கும். ஏசி-1 ஹீட்டர் போன்ற சுமைகளுக்கு, ஏசி-3 மோட்டாருக்கு. ஒரே காண்டாக்டர் ஏசி-1 இல் 25 ஆம்பியராகவும் ஏசி-3 இல் வெறும் 9 ஆம்பியராகவும் இருக்கலாம். பெரிய எண்ணைப் பார்த்து வாங்கிவிடுவதே பலரும் செய்யும் பிழை. 415 வோல்ட்டில் ஓடும் 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டாரின் முழுச்சுமை மின்னோட்டம் சுமார் 7.5 ஆம்பியர். நேரடியாகத் தொடங்கும்போது அது ஏறக்குறைய 6 மடங்கு, அதாவது 45 ஆம்பியர் இழுக்கும். நீர்மூழ்கி மோட்டார் ஓடும்போதே சற்றுக் கூடுதலாக இழுக்கும். அதன் பெயர்ப்பலகையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். தட்டித் தட்டி இயக்கும் பளுதூக்கிகளுக்கு ஏசி-4 அளவு வேண்டும்.

தாங்காத தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு ஓவர்லோடு ரிலே செயல்பட்டாலும், சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது. மெயின் சுவிட்சைத்தான் இறக்க வேண்டும்.

கொல்லிமலை போன்ற மலைப்பகுதிகளில், மின்மாற்றியிலிருந்து வெகுதொலைவில் உள்ள கிணறுகளுக்குச் சுருளையும் கவனிக்க வேண்டும். சுருள் தன் மின்னழுத்தத்தில் 85 விழுக்காடு, அதாவது 415 வோல்ட் சுருளானால் சுமார் 353 வோல்ட், இருந்தால் உறுதியாக இழுக்கும். அதற்கும் கீழே போனால் காண்டாக்டர் படபடக்கும். சரியான அளவுள்ள தொடுமுனைகளும் தீப்பொறியில் ஒட்டிவிடும். மோட்டார் நிற்கும்போது மீட்டர் 400 காட்டலாம். எலக்ட்ரீஷியன் அளக்க வேண்டியது, மோட்டார் தொடங்கும் அந்த நொடியின் மின்னழுத்தத்தை.